பெய்யாத மழைக்கு வந்த பணம்

2017-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு நாள், என் வங்கிக் கணக்கில் 31,000 ரூபாய்ச் சொச்சம் வந்து சேர்ந்திருப்பதாகக் கைபேசியில் ஒரு செய்தி வந்தது. எழுத்தாளனுக்கு எதிர்பாராமல் பணம் வருவது அபூர்வம். எந்தப் பதிப்பாளருக்கு மனச்சாட்சி விழித்துக்கொண்டதோ என்று சிறிது நேரம் மகிழ்ந்திருந்தேன். ஒருவருக்கும் விழித்துக்கொள்ளவில்லை. விசாரித்ததில் அது பயிர்க் காப்பீட்டுப் பணம் என்று தெரிந்தது. அதாவது, முந்தின ஆண்டு சம்பாப் பருவத்தில் என் நிலத்தில் நான் பயிரிட்ட நெல் மழையில்லாமல் கருகிப் போனதற்கு நஷ்ட ஈடு.

வேடிக்கை என்னவென்றால், நான் நெல் பயிரிடவில்லை. எனக்கு நாற்று நடத் தெரியாது. செருப்பில்லாமல் வரப்பில் பத்தடி நடந்தால் மறுநாள் காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான். மதுராந்தகத்துக்கும் செய்யூருக்கும் இடையே ஒரு சிறு கிராமத்தில் என் தகப்பனார் விட்டுப்போன இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. பட்டா என் பெயரில். பயிர் செய்கிறவர் ஒரு பெரியவர்; தகப்பனார் காலத்திலிருந்தே அவர்தான். அவருக்கும் எனக்கும் இடையே ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. வாய்ப்பேச்சுத்தான். வருஷத்துக்குப் பத்து மூட்டை நெல், அல்லது அதன் கிரயம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வேண்டுமென்றால் சிட்டாவும் அடங்கலும் என் பெயரில்தான் இருக்கின்றன. ஆகவே கடனும் என் பெயரில்தான் கிடைக்கும். 2016-இல் அப்படித்தான் வாங்கினோம். கையெழுத்து என்னுடையது, உழைப்பும் செலவும் பயிரும் அவருடையவை. கடன் வாங்கும் விவசாயிக்குக் காப்பீடு கட்டாயம் என்பது அப்போதைய விதி. பிரிமியத்தைச் சங்கத்திலேயே பிடித்துக்கொண்டார்கள்.

பயிர் போயிற்று. மாசி மாதம் அவர் இரண்டு கறவை மாடுகளை விற்று, என் பெயரிலிருந்த கடனைக் கெடு தவறாமல் கட்டி முடித்து, ரசீதை எனக்குத் தபாலில் அனுப்பி வைத்தார். நான் என் பங்குக்கு, அந்த வருஷக் குத்தகை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. தர்மம் செய்தவனுக்கு வருகிற தூக்கம்.

இப்போது பணம் வந்துவிட்டது. யாருடைய பணம் அது?

வாசகர்கள் கேட்ட மாத்திரத்தில் விடை சொல்லிவிடுவீர்கள். நானும் சொல்லிவிட்டேன். ஆனால், விடையைச் சொன்ன நாளுக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போன நாளுக்கும் இடையே 23 நாட்கள் ஓடிவிட்டன. அந்த 23 நாட்களில் என் மனம் எந்தெந்தச் சந்து பொந்துகளிலெல்லாம் புகுந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். அதற்குமுன் மழையைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும்.

செங்கல்பட்டுச் சீமையை ஏரிகளின் சீமை என்பார்கள். இங்கே ஆற்றை நம்பிப் பயிர் செய்தவர்கள் குறைவு. பாலாறு உண்டு, வருஷத்தில் பெரும்பகுதி அது மணலாறு. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொண்டுவந்து கொட்டுவதை ஏரியில் பிடித்து நிறுத்தி, மதகு வழியாகக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுச் சாப்பிட்ட பூமி இது. அந்த மழையும் நிதானமாகப் பெய்கிற வழக்கமில்லை. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருண்டு திரண்டு வந்தால் ஒரே வாரத்தில் ஏரி தளும்பிக் கரை உடையும். அது ஆந்திரத்துப் பக்கம் திரும்பிவிட்டால் கலங்கலில் காக்கை குளிக்கவும் தண்ணீர் இராது. ஆகவே இந்தப் பக்கத்துக் குடியானவருக்குப் பயம் இரண்டு: வந்துவிடுமோ என்று ஒன்று, வராமல் போய்விடுமோ என்று ஒன்று. இரண்டையும் ஒரே நெஞ்சில் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்வது மனிதனால் ஆகிற காரியமில்லை போலும். கடைசியாக அடித்தது எதுவோ அதுதான் நெஞ்சில் நிற்கும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழை பலருக்கு நினைவிருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். சென்னை மூழ்கிய கதையைப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் ஊர்க் கழனிகள் மூழ்கிய கதையை யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை, என் வீட்டு மாடியில் இருந்துகொண்டு மின்சாரம் வரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் பெரியவர் சங்கத்தில் கடன் வாங்கவில்லை. ஆகவே காப்பீடும் இல்லை. மறு வருஷம் ஆடி மாதம் சென்னைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, போன வருசம் ஊரே தண்ணில கெடந்துச்சி. இந்த வருசம் சொசைட்டியில கடன் வாங்கிடலாம். கடனோட இன்சூரன்சும் சேர்ந்து வருதாம். வெள்ளம் வந்தா குடுப்பானாம்" என்றார்.

வெள்ளம் வரவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னைப் பக்கம் கரை ஏறி மரங்களையெல்லாம் சாய்த்ததே, அதன் காற்று எங்களுக்கும் கிடைத்தது. ஏரியை நிரப்பும் மழை கிடைக்கவில்லை. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் நிலம் பாளம் பாளமாக வெடித்தது. 2017 ஜனவரியில், அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசு அறிவித்தது. வெள்ளத்துக்குப் பயந்து கட்டிய பிரிமியத்துக்கு வறட்சி வந்து பதில் சொல்லிற்று!

இதைக் கேட்டுப் பட்டணத்தில் படித்த நண்பர் ஒருவர் சிரித்தார். "நம்முடைய விவசாயிகளுக்கு விஞ்ஞான மனோபாவம் வர வேண்டும்" என்றார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் 1968-இல் வெள்ளக் காப்பீட்டுக்கென்று அரசாங்கமே ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆற்றங்கரையில் வீடு கட்டியிருந்தவர்களிலேயே பலர் அதில் சேரவில்லை. ஏன் என்று ஹோவர்ட் குன்ரூதர் என்ற பேராசிரியர் சகாக்களோடு ஆராய்ந்து 1978-இல் ஒரு புத்தகமே எழுதினார். வெள்ளத்தைக் கண்ணால் கண்டவர்களும், அக்கம்பக்கத்தார் சேர்ந்ததைப் பார்த்தவர்களும்தான் சேர்கிறார்கள். சாத்தியக் கணக்குப் போட்டுப் பார்த்து யாரும் சேர்வதில்லை. பிற்கால ஆராய்ச்சிகள் இன்னொன்றையும் சொல்லின: சேர்ந்தவர்களும் சில வருஷம் தண்ணீர் வராவிட்டால் கட்டிய பணம் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் பத்திரிகையும் விஞ்ஞானமும் இல்லையா என்ன? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் என் உயிருக்கு இன்சூரன்ஸ் எடுத்தது, என் வயதில் ஒரு நண்பனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்த மறுவாரம்.

இன்னொன்று. காகிதத்தில் எழுதின காப்பீடு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பெரியவர் எனக்குக் குருவாக இருக்கத் தகுந்தவர். இரண்டு ஏக்கரில் ஒன்றில் குறுகிய கால நெல் நடுவார்; மற்றொன்றில் பத்து நாள் தள்ளி வேறு ரகம் நடுவார். வீட்டில் ஆடு உண்டு. ஆடு என்றால் கால் முளைத்த ரொக்கம். மகனை மறைமலை நகர்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பிவிட்டார். விதை நெல்லில் மூன்று மூட்டையை வருஷந்தோறும் வேறு ஊரிலுள்ள மைத்துனர் வீட்டில் போட்டு வைப்பார். "ஒரே வெள்ளம் ரெண்டு ஊரு நெல்லையும் கொண்டு போவாது, தம்பி" என்பார். உலகத்துப் பெரிய பெரிய கம்பெனிகள் இதைத்தான் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு செய்கின்றன.

அப்படிப்பட்டவருக்குக் காகிதக் காப்பீட்டில் மட்டும் ஏன் மனம் ஒட்டவில்லை? ஒரு தடவை கேட்டேன். நட்ட கையோடு, இது போய்விடும் என்று எழுதிக் கொடுப்பது ஒரு மாதிரியாக இருக்கிறது என்றார். நம் வீடுகளில் பயணம் கிளம்புகிறவரை "எங்கே போகிறாய்" என்று கேட்கமாட்டார்கள். கல்யாண வீட்டில் சாவைப் பற்றிப் பேசமாட்டார்கள். நாற்று நடுவது அவருக்குக் கல்யாணம். அந்தச் சமயத்தில் இன்சூரன்ஸ் என்பவர் வந்து, ஒருவேளை மாப்பிள்ளை செத்துப் போனால் என்று பேச்செடுக்கிறார்.

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோவில் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் இந்தப் பிரதேசத்துக்குக் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ் துரைக்கு, மழைக்கு மழை உடைந்துபோகும் ஏரிக்கரை பெரிய தலைவலியாக இருந்தது. கோவிலில் தாயார் சந்நிதியைக் கட்டித் தரும்படி ஊரார் கேட்டார்களாம். கரை இந்தத் தடவை நின்றால் கட்டித் தருகிறேன் என்றாராம் துரை. கொட்டுகிற மழையில் நள்ளிரவில் கரையைப் பார்க்கப் போனபோது வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டாராம். கரை நின்றது; சந்நிதியும் வந்தது. அவருடைய தர்மம் என்று அங்கே கல்லிலும் பொறித்திருக்கிறது. காவல் நின்றது ராம லட்சுமணர்களா, மண் சுமந்த கூலியாட்களா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு ருசிப்பது அந்த ஒப்பந்தம். தெய்வத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் முதலில் கரை நிற்க வேண்டும், பிறகுதான் கட்டணம். பயிர் பிழைத்தால் பொங்கல் வைக்கிறேன், மாடு பிழைத்தால் மொட்டை அடிக்கிறேன் என்று வேண்டிக்கொள்கிறவன் கொடுக்கிற நாளில் சந்தோஷமாக இருக்கிறான். களத்தில் நெல் இருக்கிறது. கம்பெனியின் ஒப்பந்தம் தலைகீழ். முன்னால் கட்ட வேண்டும். பயிர் பிழைத்தால் கட்டினது போயிற்று. பயிர் போனால்தான் பணம். தான் ஜெயித்தால் தோற்றதுபோலவும், தோற்றால் ஜெயித்ததுபோலவும் ஒரு மனிதனை உணரச் செய்கிற ஏற்பாட்டின்மேல் அவனுக்கு அன்பு பிறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

இருந்தாலும் இந்தக் காப்பீட்டை நான் இழித்துச் சொல்ல வரவில்லை. அதற்கு நம் நாட்டில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. மைசூர் சமஸ்தானத்தில் உயர்ந்த பதவியிலிருந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி என்பவர், மழையளவை வைத்தே விவசாயிக்கு ஈடு கொடுக்கலாம் என்று 1920-இல் ஒரு புத்தகம் எழுதினார். உலகத்தில் வேறெங்கும் அதிகமாகப் பேசப்படாத யோசனை. அன்று அதைக் கேட்பாரில்லை. 1970-களில் புனேயிலிருந்த பொருளாதார அறிஞர் வி. எம். தாண்டேகர் வேறொரு வழி சொன்னார். ஒவ்வொருவன் வயலையும் அளந்து நஷ்டம் பார்க்க முடியாது, செலவு தாங்காது, தவிரவும், களை எடுக்காதவனுக்குப் பணமும் களை எடுத்தவனுக்குப் பட்டை நாமமும் கிடைக்கும். ஆகவே ஒரு வட்டாரத்தின் சராசரி விளைச்சலைப் பார், அது குறைந்தால் வட்டாரத்தில் எல்லோருக்கும் கொடு என்றார். 1979-இல் அது பரீட்சார்த்தமாக ஆரம்பமாகி, 1985-இலும் 1999-இலும் வேறு வேறு பெயர்களில் வளர்ந்து, 2016-இல் பிரதம மந்திரியின் பயிர்க் காப்பீடாக வந்து நிற்கிறது. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவிகிதம். மீதிப் பிரிமியம் மத்திய, மாநில அரசுகளுடையது. அரசு என்றால் அரிசி சாப்பிடுகிற நாம் எல்லோரும்தான்.

தமிழ்நாட்டில் நெல்லுக்கு அந்த வட்டாரம் என்பது வருவாய்க் கிராமம். ஊரில் குலுக்கல் முறையில் சில வயல்களைத் தேர்ந்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து, அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்க்கிறார்கள். முந்தின 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் ஒரு பங்கை வரம்பாக வைத்திருக்கிறார்கள். ஊரின் விளைச்சல் அந்த வரம்புக்குக் கீழே போனால் ஊருக்கே பணம். இல்லாவிட்டால் ஒருவன் வயல் மட்டும் மூழ்கியிருந்தாலும் அநேகமாக ஒன்றுமில்லை.

அந்த 2016-இல் எங்கள் ஊரில் ஒருவருக்கு ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. அவருடைய நெல் குறைவில்லாமல் விளைந்தது. அவருக்கும் காப்பீட்டுப் பணம் வந்தது. மனிதர் சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ள முடியாமல் ஒரு மாதம் திண்டாடினார் என்று கேள்வி.

இது அநியாயம் என்று முதலில் நினைத்தேன். பிறகு உத்தரமேரூர் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்று வருகிறது. குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்த ஏரி வாரியம். ஊர் ஒரே உடம்பு என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. ஏரி நிறைந்தால் எல்லோருக்கும் நிறைந்தது; வற்றினால் எல்லோருக்கும் வற்றியது. ஆனால் அன்று கரைக்கு மண் போடுவதிலும் தண்ணீரைப் பங்கிடுவதிலும் ஊர் ஒன்றாக இருந்தது. ஆகையால் நஷ்டத்திலும் ஒன்றாக இருந்தது. இன்று ஆளுக்கொரு போர் போட்டுக்கொண்டு, நஷ்டக் கணக்கு எழுதும்போது மட்டும் ஊர் ஒன்றாகிவிடுகிறது.

இனி அந்த 23 நாட்களுக்கு வருகிறேன்.

முதல் வாரம் எனக்குச் சட்டம் துணைக்கு வந்தது. பட்டா என்னுடையது, கடன் என்னுடையது, கணக்கு என்னுடையது; பணம் தவறான இடத்துக்கு வரவில்லை என்றது சட்டம். இரண்டாவது வாரம் தர்மமே வந்துவிட்டது. பத்து மூட்டைக் குத்தகையை விட்டுக் கொடுத்தாயே, உனக்கும் நஷ்டந்தானே, அதையாவது கழித்துக்கொள் என்றது. மூன்றாவது வாரம், படித்த புத்தகங்களெல்லாம் சேர்ந்துகொண்டன. யோசித்துப் பார், இந்தப் பணம் அவருடைய பயிருக்காகக் கொடுத்ததே அல்ல, ஊர்ச் சராசரிக்காகக் கொடுத்தது, போர்க்காரருக்குக்கூடக் கிடைத்திருக்கிறது, ஆகவே பெரியவர் பட்ட கஷ்டத்துக்கும் இதற்கும் நேரான சம்பந்தமில்லை என்றன. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன் நான். இன்னும் இரண்டு வருஷம் படித்திருந்தால் பணத்தைக் கொடுக்காமலே இருந்திருப்பேன் என்று தோன்றுகிறது.

என்னை எழுப்பியது ஒரு பழைய ஞாபகம். சிறு வயதில் ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் புதுத் துணி எடுக்கவில்லை. "இந்த வருஷம் களத்துக்கு நெல் வரவில்லை" என்று அம்மா சொன்னாள். அப்போதெல்லாம் நிலம் குத்தகைக்கு இல்லை, வாரத்துக்கு. களத்து மேட்டில் குவித்த நெல்லை அளந்து, தகப்பனாருக்கு ஒரு பாதி, பெரியவருக்கு ஒரு பாதி. மழை பொய்த்தால் இரண்டு வீட்டிலும் அடுப்பு சற்றுத் தணிந்து எரியும். சரி பாதி என்பது நியாயமா என்பது வேறு கேள்வி. வானம் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது. மாமல்லபுரத்து மீனவர் குப்பத்தில் இன்றைக்கும் படகுக்கு இத்தனை பங்கு, ஆளுக்கு இத்தனை பங்கு என்றுதான் கணக்கு. வலையில் மீன் இல்லையென்றால் படகுக்காரருக்கும் இல்லை.

2012-இல் தகப்பனார் காலமான பிறகு நான்தான் அதை மாற்றினேன். சென்னையிலிருந்துகொண்டு களத்து மேட்டில் யார் காவல் இருப்பது? நிலையான குத்தகை என்றால் எல்லோருக்கும் சௌகரியம் என்று சொன்னேன். பெரியவர் சரியென்று தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலில், செங்கல்பட்டு வானத்தின் பயம் முழுவதும் என் தோளிலிருந்து அவர் தோளுக்குப் போய்விட்டது. வெள்ளமோ வறட்சியோ எனக்குப் பத்து மூட்டை. எழுதிக்கொள்ளலாமா என்று வக்கீல் நண்பரைக் கேட்டேன். "எழுதாதே" என்றார். 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-இல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் அந்த மனிதரை எளிதில் எழுப்ப முடியாது என்றார். ஆகவே எழுதவில்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். பெரியவர் வெள்ளத்துக்குப் பயந்து காப்பீடு செய்தார். பிரிமியம் அவர் கட்டினார். நான் அவருக்கே பயந்து ஒரு காப்பீடு செய்துகொண்டேன்: காகிதமில்லாத குத்தகை. அதற்கும் பிரிமியம் அவர்தான் கட்டிக்கொண்டிருந்தார். சங்கத்திலும் வங்கியிலும் கிராம நிர்வாக அலுவலகத்திலும் அவர் இல்லாத மனிதராக நின்றது அந்தப் பிரிமியம். நான் குத்தகையை விட்டுக்கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் கொடுப்பதும் கொடுக்காததும் என் இஷ்டம். சராசரி, கயிறு, குலுக்கல் என்று ஆயிரம் குறை இருந்தாலும் காப்பீட்டில் ஒரு மேன்மை உண்டு: யார் வாசலிலும் நின்று கேட்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தையும் என் பெயரில் வரவழைத்து, மறுபடி அவரை என் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். இதில் பெரிய வேதனை, அவருக்கு நிற்க வேண்டிய விஷயமே தெரியாது. தொகை வந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

24-ஆம் நாள் பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார்ந்து கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். மழை இல்லாததற்கா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு பணத்தை எண்ணினார். எண்ணி முடித்து, அதிலிருந்து 11,000 ரூபாயைத் தனியாகப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார்.

"வெள்ளாமை வந்துடுச்சி, தம்பி. குத்தகையை எடுத்துக்குங்க."

"நான்தான் அன்றைக்கே வேண்டாமென்று சொல்லிவிட்டேனே, பெரியவரே."

"அன்னிக்கு நெல்லு இல்ல, வேணான்னீங்க. இன்னிக்கு வந்துருக்குதே. சும்மா வாங்கிக்கினா அடுத்த நடவுக்கு நெலத்துல எறங்கக் கூச்சமா இருக்கும்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வாங்கினால், விளையாத நெல்லுக்குக் குத்தகை வாங்கியவன் ஆவேன். வாங்காவிட்டால், அவர் உரிமையாக நீட்டுவதை நான் மறுபடியும் தயவாக மாற்றிவிடுவேன். எது சரி என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அவர், சாதாரணமாக, "ஒரு ரசீது எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் கேட்ட முதல் காகிதம். குத்தகைக்கு ரசீது என்றால் அது குத்தகைக்கு அத்தாட்சி. அவருக்கு அது தெரிந்துதான் கேட்டாரா, மாட்டை விற்றுக் கட்டிய கடனுக்கு ரசீது வாங்கின பழக்கத்தில் கேட்டாரா, தெரியாது. பேனாவைத் திறந்து, தேதி போட்டு, "ரூபாய் 11,000 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எதற்காகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதவில்லை. நாவல்களில் பக்கம் பக்கமாக மனிதர்களின் மனத்தை விளக்குகிறவனுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. பெரியவர் அதை மடித்து, ரேஷன் அட்டை வைத்திருக்கும் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடனாளிகளுக்கும் காப்பீடு கட்டாயமில்லை என்று 2020-இல் விதி மாறிய பிறகும் அவர் விடாமல் கட்டினார், என் பெயரில்தான். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தபோது, பள்ளத்திலிருந்த ஒரு ஏக்கரில் முற்றிய கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டது. ஊர்ச் சராசரி நன்றாகவே இருந்தது. ஒரு ரூபாய் வரவில்லை. நான் கோபப்பட்டேன். அவர் கோபப்படவில்லை. "அன்னிக்குப் போர்க்காரருக்கு வந்துச்சி, இன்னிக்கு எனக்கு வரல" என்றார். ஆனால் மறு வருஷம் கட்டவில்லை. அமெரிக்க ஆற்றங்கரைக்காரர்களைப் போலவே, இத்தனை வருஷம் கட்டி என்ன கண்டோம் என்றார்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது. எங்களுக்குத் தெற்கே மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அந்தத் தண்ணீரைத் தொலைக்காட்சியில் பார்த்த பெரியவருக்குப் பழையபடி பயம் வந்துவிட்டது. அடுத்த நடவுக்குமுன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இந்த வருசம் இன்சூரன்ஸ் கட்டிடலாம், தம்பி" என்றார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "யார் பேர்ல கட்டட்டும்?" என்று கேட்டார்.

உங்கள் பெயரிலேயே கட்டுங்கள் என்றேன். குத்தகைதாரரும் காப்பீடு செய்யலாம், திட்டத்தில் இடமிருக்கிறது. பயிர் செய்கிறவர் இவர்தான் என்று அடங்கலில் வர வேண்டும். அதற்கு நான் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது. வக்கீல் நண்பரைக் கேட்கவில்லை. முத்திரைத்தாள் வாங்கி வந்துவிட்டேன். சம்பாவுக்குக் காப்பீடு செய்யும் கெடு வழக்கமாக நவம்பர் நடுவில் முடிந்துவிடும், இன்னும் நாளிருக்கிறது.

என் பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், நான்கு எல்லை, அவர் பெயர், பத்து மூட்டை எல்லாம் எழுதியாகிவிட்டது. பயிர் பொய்த்த வருஷத்தில் குத்தகை கிடையாது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எத்தனை வருஷத்துக்கு என்ற இடத்தை மட்டும் மூன்று நாளாக நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.